வியாபாரம் படுத்திருக்கும்போது முதலாளி நிலைகுலையாமல் இருப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மந்தநிலையில் தொழில் நடத்துபவரிடம் நம்பிக்கையோடு இருக்கச் சொல்பவர்கள் பலர். அந்த நம்பிக்கையை எங்கிருந்து எடுப்பது என்று சொல்பவர்கள் குறைவு. ஒரு சிறு தொழிலை இரண்டு மோசமான காலங்களில் நானே நடத்தியிருக்கிறேன்; அதன் பிறகு, கணக்கைச் சீர்செய்ய உதவி கேட்டு வந்த முதலாளிகள் பலருடன் உட்கார்ந்தும் இருக்கிறேன். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்வோம், கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்குகிறார்கள். கையிருப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று தெரியாத மனம், எந்த ஆறுதலையும் இரண்டு நாளுக்கு மேல் நம்புவதில்லை. ஆகவே இங்கே படிகளின் வரிசையை மாற்றாமல் பின்பற்ற வேண்டும்: முதலில் ரொக்கம், அடுத்து பயம், அதன்பின் பிறரோடு பேச்சு, கடைசியில் அன்றாடப் பழக்கம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த 3 மாத வங்கி அறிக்கை, வர வேண்டிய பாக்கிகளின் பட்டியல், கொடுக்க வேண்டிய கடன்களின் பட்டியல், சம்பளப் பதிவேடு, ஒரு பெரிய தாள், பென்சில், அழிப்பான். கடன் பட்டியலில் உறவினரிடம் வாங்கிய கைமாற்றும் இடம்பெற வேண்டும். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், இரவில் தூக்கத்தைக் கெடுப்பதும் பெரும்பாலும் அதுதான். எக்செல் தாளில் பழகியவர்கள் அதைப் பயன்படுத்தலாம் என்றாலும், முதல் முறை கையால் எழுதச் சொல்வேன். ஒவ்வொரு எண்ணும் விரல் வழியாகப் போனால்தான் மனத்தில் பதியும்.

இடையூறு இல்லாத ஓர் அரை நாளை ஒதுக்குங்கள். அது காலை நேரமாக இருக்கட்டும். நள்ளிரவில் படுக்கையில் புரண்டபடி கைப்பேசியில் கூட்டிப் பார்க்கும் கணக்கு எப்போதும் நிஜத்தைவிட மோசமாகவே வரும். களைத்த மூளை செலவை எல்லாம் நினைவில் கொண்டுவரும், வரவில் பாதியை மறந்துவிடும்.

பிரிக்காத கடிதங்கள் இருந்தால் அவற்றையும் மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை உரிமையாளரின் இழுப்பறையில் பிரிக்காத உறைகள் 11 இருந்தன. பயத்தால் 4 மாதமாக அவர் அந்த இழுப்பறையைத் திறக்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம்: 4 விளம்பரங்கள், ஒரே இரண்டு கடன்களுக்குத் திரும்பத் திரும்ப வந்த நினைவூட்டல்கள் 5, ஒரு ரசீது. கடைசி உறையில், தவணையைத் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம் என்ற அறிவிப்பு இருந்தது. விண்ணப்பிக்கும் கடைசி நாள் அதற்கு முந்தைய வாரம்தான் கடந்திருந்தது.

1. அடுத்த 13 வாரங்களின் ரொக்கத்தை எழுதுங்கள்

தாளில் மேலிருந்து கீழாகக் கோடு இழுத்து 13 பத்திகள் போடுங்கள். ஒரு பத்தி ஒரு வாரம். 13 வாரம் என்பது கால் ஆண்டு. வாடகை, சம்பளம், வட்டி, காலாண்டு வரி என அநேகமாக எல்லாக் கட்டாயச் செலவுகளும் அதற்குள் ஒருமுறையாவது வந்துவிடும். அதே சமயம், வெறும் ஊகமாகிவிடும் அளவுக்கு அது நீண்ட காலமும் அல்ல.

முதல் பத்தியின் தலையில் இன்றைய வங்கி இருப்பையும் கல்லாவில் உள்ள ரொக்கத்தையும் கூட்டி எழுதுங்கள். அதன்கீழ் அந்த வாரம் உள்ளே வரும் பணம், அதற்கும் கீழ் வெளியே போகும் பணம், அடியில் மீதி. அந்த மீதியே அடுத்த வாரத்தின் தொடக்க இருப்பு. இப்படியே 13 பத்திகளையும் நிரப்புங்கள்.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, பில் போட்ட தேதியில் வரவை எழுதுவது. லாபமும் ரொக்கமும் ஒன்றல்ல என்பதை அறிந்தவர்களே இதைச் செய்கிறார்கள். 30 நாளில் தருவதாகச் சொல்லும் வாடிக்கையாளர் இதுவரை 50 நாளில்தான் தந்திருக்கிறார் என்றால், 50ஆவது நாள் விழும் வாரத்தில் எழுதுங்கள். பழைய வங்கி அறிக்கைகளைக் கேட்டது இதற்காகத்தான்: ஒருவர் என்ன சொன்னார் என்பதைவிட எப்போது கொடுத்தார் என்பதை அவை காட்டும்.

இரண்டாவது தவறு, கைக்கு வராத ஆர்டரை வரவில் சேர்ப்பது. ‘கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான்’ என்று நீங்கள் சொல்லும் எதுவும் இந்தத் தாளில் ஏறக்கூடாது. அவற்றுக்கென ஒரு தனித் துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தவறு, வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பணத்தை எழுதாமல் விடுவது. முதலாளி தனக்குச் சம்பளம் எழுதாவிட்டால் வீடு கல்லாவிலிருந்து சில்லறை சில்லறையாக எடுத்துக்கொண்டேயிருக்கும். கணக்கு எங்கே இடிக்கிறது என்று கடைசிவரை பிடிபடாது.

எழுதி முடித்ததும் மீதி எந்த வாரத்தில் சுழியத்துக்குக் கீழே இறங்குகிறது என்று பாருங்கள். அந்த வாரத்தை வட்டமிடுங்கள். நான் பார்த்தவரை, இந்த வட்டத்தைப் போட்டவுடன் முகத்தில் ஒரு மாற்றம் வருகிறது. செய்தி நல்லதாக இல்லாவிட்டாலும், எல்லாம் முடிந்துபோகும் என்ற உருவமற்ற கலக்கம், 7ஆவது வாரத்தில் இவ்வளவு தொகை துண்டு விழும் என்ற தெளிவான கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு விடை தேட 6 வாரம் கையில் இருக்கிறது.

இதைத் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வில், 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்பு பணமுடை இருந்த நேரத்திலும், அறுவடைப் பணம் கைக்கு வந்த பின்பும் சிந்தனைத் திறன் சோதனைகள் நடத்தப்பட்டன. அதே மனிதர்கள்தான், ஆனால் பணமுடையில் இருந்தபோது அவர்களுடைய மதிப்பெண் குறைந்தது. பணக் கவலை மூளையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. தாளில் இறக்கி வைப்பது அந்த இடத்தில் கொஞ்சத்தைத் திரும்பப் பெறும் வழி.

2. பயத்தைக் கடைசிவரை எழுதிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். கெட்டதை எழுதினால் அது நடந்துவிடும் என்ற எண்ணம். உண்மையில் பாதியில் நிறுத்திய பயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ‘பெரிய வாடிக்கையாளர் போய்விட்டால்…’ என்ற இடத்தில் நிற்காமல், போய்விட்டால் எந்த வாரம் பணம் தீரும், யாருக்கு முதலில் கொடுக்க முடியாமல் போகும், அவர் என்ன செய்வார், அப்போது உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போங்கள்.

உளவியலாளர் கேரி கிளெய்ன் 2007இல் எழுதி விளக்கிய ஒரு முறை இதற்கு உதவும். திட்டம் ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, அது ஏன் தோற்றது என்று பின்னோக்கிக் காரணங்களை எழுத வேண்டும். ‘தோற்குமா?’ என்று கேட்டால் மனம் மழுப்பும், ‘தோற்றுவிட்டது, ஏன்?’ என்று கேட்டால் காரணங்களைக் கொட்டிவிடும். அவற்றில் இன்றே தடுக்கக்கூடிய இரண்டைத் தேர்ந்தெடுத்து அடுத்த வாரத்து வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே தொழிலின் கடனையும் குடும்பத்தின் பொறுப்பையும் தனித்தனித் தாளில் எழுதுவது கட்டாயம். எந்தக் கடனுக்கு நீங்கள் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்திருக்கிறீர்கள், எதற்குக் கொடுக்கவில்லை என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்து, புரியாவிட்டால் உங்கள் ஆடிட்டரிடமோ வழக்கறிஞரிடமோ கேட்டு, எழுதி வையுங்கள். எல்லாவற்றுக்கும் வீடு பிணை என்று நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தவர், உண்மையில் ஒரே ஒரு கடனுக்குத்தான் அப்படி என்று கண்டுகொண்டதும் உண்டு. எதிர்ப்புறமாகவும் நடக்கும், அதையும் இப்போது தெரிந்துகொள்வதே நல்லது.

3. உங்கள் கைக்கு எட்டுவதை மட்டும் பிரித்தெடுங்கள்

இது சிறிய படி. இதுவரை எழுதிய கவலைகளை எல்லாம் மூன்றாகப் பிரியுங்கள்: நானே செய்யக்கூடியவை, பிறரைக் கேட்டுச் செய்யக்கூடியவை, எதுவும் செய்ய முடியாதவை. வட்டி விகிதம், எரிபொருள் விலை, போட்டியாளரின் தள்ளுபடி எல்லாம் மூன்றாவதில் போகும். அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள். முதலிரண்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி போடுங்கள். தேதி போட முடியாதது தவறான பட்டியலில் இருக்கிறது என்று பொருள்.

4. கொடுக்க வேண்டியவர்களிடம் தவணைத் தேதிக்கு முன்பே பேசுங்கள்

வட்டமிட்ட வாரம் வரும்வரை காத்திருப்பதே மந்தநிலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. தவணை தவறிய பின் பேசுபவர் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பவராகத் தோன்றுவார். தவறும் முன்பே பேசுபவர் தன் கணக்கை அறிந்தவராகத் தோன்றுவார். கடன் கொடுத்தவருக்கும் தன் கணக்கை மாற்றியமைக்க நேரம் வேண்டும்; அந்த நேரத்தைக் கொடுத்தால் அவரிடம் இருக்கும் வழிகள் கூடுகின்றன.

பேசும் வரிசையும் முக்கியம். எவர் நிறுத்தினால் உங்கள் வேலை நின்றுவிடுமோ அந்தச் சப்ளையரிடம் முதலில். அடுத்து வங்கி. அதன்பின் இட உரிமையாளர். கைமாற்று கொடுத்த உறவினரிடம் பேசுவதைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள்; அவருக்குச் செய்தி வேறு யார் மூலமாகவாவது போய்ச் சேர்ந்தால் பணத்தோடு உறவும் போகும்.

என்ன பேசுவது? நாட்டு நிலைமையை விளக்க வேண்டாம், அவருக்கும் அது தெரியும். தொகை, தேதி, கோரிக்கை ஆகிய மூன்று போதும். ‘வருகிற மாதத் தவணையில் பாதியை உரிய தேதியில் கொடுத்துவிடுகிறேன், மீதியை அடுத்த மூன்று மாதத் தவணைகளோடு சேர்த்துக் கொடுக்க அனுமதி வேண்டும்’ என்பதைப் போல ஒரே வாக்கியமாக எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் 13 வாரத் தாளில் நிற்காத எந்த வாக்கையும் கொடுக்காதீர்கள். அந்த இடத்துச் சங்கடத்திலிருந்து தப்பிக்க அதிகமாக ஒத்துக்கொண்டுவிட்டு, இரண்டாம் முறையும் தவறுவது முதல் தவறைவிடக் கடினமானது. ஒப்புக்கொண்டதை அன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

இந்தப் பேச்சுகள் மனத்துக்குச் செய்வதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அழைப்பு வரும்போதெல்லாம் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் ஒருவரை எவ்வளவு தேய்த்துவிடும் என்பது அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அது 5 மாதம் இருந்தது. அழைத்தவரில் பாதிப்பேர் புதிய வேலை கொடுக்கக் கூப்பிட்டவர்களாக இருந்திருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது.

5. ஊழியர்களிடம் எவ்வளவு சொல்வது

ஒன்றும் இல்லாததுபோல் சிரித்துக்கொண்டிருப்பது ஒரு தவறு, எல்லாவற்றையும் கொட்டிவிடுவது இன்னொரு தவறு. சரக்கு வருவது குறைந்ததை முதலில் கவனிப்பவர்கள் உங்கள் ஊழியர்களே. நீங்கள் மௌனமாக இருந்தால் அந்த இடைவெளியை வதந்தி நிரப்பும். மேலும் முதலில் விலகிப் போகிறவர் வேறு இடத்தில் எளிதாக வேலை கிடைக்கும் திறமையானவராகத்தான் இருப்பார்.

சொல்ல வேண்டியவை: நிலைமை என்ன, என்ன முடிவு எடுத்திருக்கிறோம், இன்னும் முடிவாகாதது எது, அடுத்து எந்தத் தேதியில் மீண்டும் பேசுவோம். அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். தேதி தெரிந்தால் அதுவரை வேலையில் கவனம் இருக்கும். ‘யாரையும் அனுப்ப மாட்டேன்’ என்று உணர்ச்சிவசப்பட்டு வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுக்க முடிகிற வாக்கு இதுதான்: எந்த முடிவானாலும் வெளியே தெரியும் முன் அவர்களுக்குத் தெரியும்.

செலவைக் குறைப்பதாக இருந்தால் கணக்கிட்டு ஒரே முறையில் குறையுங்கள். வாரத்துக்கு ஒன்றாகக் கிள்ளிக்கொண்டே இருந்தால், அடுத்தது எது என்ற அச்சம் எல்லோரையும், உங்களையும் சேர்த்து, பிடித்துக்கொள்ளும். ஆர்டர் கொண்டுவரும் செலவில் கடைசியாகக் கை வையுங்கள்.

6. கவலைக்கும் செய்திக்கும் நேரம் ஒதுக்குங்கள்

‘கவலைப்படாதே’ என்று மனத்துக்கு ஆணையிட்டால் அது கேட்காது; ‘மாலை 5 மணிக்குக் கவலைப்படலாம்’ என்றால் பெரும்பாலும் கேட்கும். இது விளையாட்டுப் பேச்சு அல்ல. உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983இல் இந்த முறையைச் சோதித்து வெளியிட்டார்கள்: தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் கவலைக்கென ஒதுக்குவது, மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால் அதைக் குறித்துவைத்து அந்த அரை மணிக்குத் தள்ளிவிடுவது. குறிப்பேட்டைத் திறக்கும்போது காலையில் குறித்ததில் பல தாமாகவே ஆறிப்போயிருப்பதைக் காண்பீர்கள். இந்த அரை மணியைப் படுக்கைக்கு நெருக்கமாக வைக்க வேண்டாம்.

பொருளாதாரச் செய்திகளுக்கும் நாளுக்கு ஒரு வேளை போதும். மந்தநிலை எப்போது முடியும் என்று அறிவதற்காக மணிக்கொருமுறை செய்தி பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலையை, அதற்கென்றே இருக்கும் வல்லுநர் குழு 2008 டிசம்பரில்தான் அறிவித்தது. அது 2009 ஜூனில் முடிந்துவிட்டது என்று அறிவித்தது 2010 செப்டம்பரில். முடிந்ததைச் சொல்லவே அவர்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. உங்கள் வாசலில் விசாரிப்புகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்பது அதைவிட முன்னதாக வரும் செய்தி.

7. விளைவை விட்டுவிட்டுச் செயலை எண்ணுங்கள்

மந்த காலத்தில் விற்பனையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு மாலையும் தோல்வியாக முடியும். இன்று எத்தனை பழைய வாடிக்கையாளர்களிடம் பேசினேன், எத்தனை விலைப்புள்ளிகள் அனுப்பினேன், எத்தனை பாக்கிகளை நினைவூட்டினேன் என்று எண்ணுங்கள். இவை முழுவதும் உங்கள் கையில் இருப்பவை. நாளுக்கு 5 பேரிடம் பேசுவது என்று வைத்துக்கொண்டால், 5ஆவது அழைப்பு முடிந்தவுடன் அன்றைய கடமை முடிந்தது.

இதை எப்போது, எங்கே செய்வது என்றும் முன்கூட்டியே கட்டிவிடுங்கள்: ‘காலையில் கடையைத் திறந்து மேசையில் உட்கார்ந்ததும், வேறு எதையும் தொடும் முன், பாக்கிப் பட்டியலில் முதல் பெயரை அழைப்பேன்.’ பொதுவான உறுதிமொழியைவிட, இப்படி ஒரு சூழலோடு முடிச்சுப் போட்ட திட்டமே நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் தெரியவந்த ஒன்று. சோர்ந்த மனநிலையில் எடுக்க வேண்டிய முடிவுகளின் எண்ணிக்கையை இது குறைக்கிறது.

மாலையில் அன்றைய வரவுகளையும் இழப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சம அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட நட்டம் தரும் வலி பெரிது என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் விளக்கினார்கள். ரத்தான ஓர் ஆர்டர், அதே வாரம் வந்த இரண்டு புதிய ஆர்டர்களை நினைவிலிருந்து விரட்டிவிடுவது இதனால்தான். எழுதாவிட்டால் அந்த இரண்டும் நடந்ததே உங்களுக்கு நினைவிருக்காது.

8. தூக்கமும் வெளியாள் ஒருவரும்

படுக்கும் முன் 5 நிமிடம், நாளை செய்ய வேண்டியவற்றை விவரமாக எழுதுங்கள். 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரிடம் நடந்த ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். 9 நிமிடம் சிறியதுதான்; ஆனால் விடிகாலை 3 மணிக்கு விழிப்பு வரும்போது ‘அதை எழுதி வைத்திருக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ள முடிவது சிறியதல்ல.

தொழிலில் பங்கில்லாத, கடன் கொடுக்காத ஒருவரிடம் வாரத்துக்கு ஒருமுறை பேசுங்கள். வாழ்க்கைத்துணையிடம் உண்மையை மறைக்கக் கூடாது. ஆனால் அவருக்கும் அதே கூரை, அதே பயம் என்பதால் அவரையே ஆலோசகராகவும் ஆக்கிவிடாதீர்கள். வேறு துறையில் தொழில் நடத்தும் ஒருவர் பொருத்தமானவர். புலம்பிக்கொள்ளும் கூட்டங்களில் அளவோடு உட்காருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் எதிலும் நாட்டமின்றி, தூக்கமும் பசியும் கெட்டு இருந்தால், அதை மனவுறுதிக் குறைவு என்று எண்ணாமல் மருத்துவரைப் பாருங்கள். தான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், தனியாக இருக்காமல் அன்றே நெருங்கிய ஒருவரிடம் சொல்லி உதவி பெறுங்கள். எந்தக் கடன்காரரும் அதுவரை காத்திருப்பார்.

9. நிறுத்தும் எல்லையை அமைதியான நாளில் வரையுங்கள்

எந்த நிலை வந்தால் தொழிலைச் சுருக்குவது அல்லது மூடுவது என்பதை இப்போதே எழுதுங்கள்: கையிருப்பு 4 வாரச் சம்பளத்துக்குக் கீழே போனால், அல்லது பழைய கடனின் வட்டியைக் கட்டவே புதிய கடன் வாங்க நேர்ந்தால், என்பதைப் போல. பலருக்கு இது நம்பிக்கைக்கு எதிரானதாகத் தோன்றுகிறது. எல்லை வரைந்தவர்தான் அதற்கு இப்பக்கம் இருக்கும் நாள்களில் நிம்மதியாக வேலை செய்கிறார். வரையாதவர் ஒவ்வொரு காலையும் மூடலாமா வேண்டாமா என்ற வழக்கை முதலிலிருந்து விசாரிக்கிறார். அந்தத் தாளில் தேதியிட்டுக் கையெழுத்திட்டு, வெளியாளிடம் ஒரு பிரதி கொடுங்கள்; நெருக்கடியில் எல்லையை நகர்த்தத் தோன்றும்போது கேள்வி கேட்க ஒருவர் வேண்டும்.

10. வாரத்துக்கு ஒருமுறை தாளைப் புதுப்பியுங்கள்

வாரக் கடைசியில் ஒரு மணி நேரம். முடிந்த வாரத்தின் பத்தியில் எதிர்பார்த்த எண்ணுக்குப் பக்கத்தில் நடந்த எண்ணை எழுதுங்கள், கடைசியில் ஒரு புதிய வாரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வட்டம் எந்த வாரத்துக்கு நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். முதல் மூன்று நான்கு வாரங்களில் மதிப்பீடு பெரிதும் பிசகும். அதைப் பார்த்துச் சலித்து, இத்தோடு விட்டுவிடுபவர்களே அதிகம். எந்த வரியில் பிசகியது என்று மட்டும் குறியுங்கள், பெரும்பாலும் அதே இரண்டு வாடிக்கையாளர்களின் பாக்கியாகத்தான் இருக்கும். பழைய தாள்களைக் கிழித்துப் போடாமல் வரிசையாகக் குத்தி வையுங்கள். அடுத்த முறை வங்கியில் தவணை பற்றிப் பேச உட்காரும்போது, மேசைமேல் முதலில் வைக்க வேண்டியது அந்தக் கட்டுதான்.